பள்ளிப் பிள்ளைகளுடன் குல்மார்க்கில் பனிச்சறுக்கு கற்கச் செல்வது: எந்த மாதம், எத்தனை நாள்?

வைகைக்கரை (மதுரை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் ஆறாம் வகுப்பில் படிக்கும் மகனும் பனிச்சறுக்கு கற்க வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் களமிறங்கிய ஒரே வீரரான ஆரிஃப் கான் காஷ்மீரின் குல்மார்க் பகுதியைச் சேர்ந்தவர் என்று மகள் எங்கோ படித்ததிலிருந்து, போனால் குல்மார்க்குக்குத்தான் போக வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருக்கிறாள். கணவரும் நானும் இதை ஒரு சுற்றுலாவாக மட்டும் பார்க்காமல், பிள்ளைகள் உண்மையாகவே ஒன்றைக் கற்றுத் திரும்பும் பயணமாக அமைக்க விரும்புகிறோம்.

எங்களுக்கு மூன்று ஐயங்கள் இருக்கின்றன. முதலாவது, எப்போது செல்வது என்பது. அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், அதாவது டிசம்பர் கடைசி வாரத்தில் சென்றால் பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டியதில்லை; ஆனால் அப்போது போதிய பனி இருக்குமா என்று தெரியவில்லை. இரண்டாவது, எத்தனை நாள் தங்குவது என்பது. நாங்கள் விசாரித்த பயண முகவர்கள் எல்லோருமே ஸ்ரீநகர், பகல்காம், சோன்மார்க், குல்மார்க் என்று ஆறு நாளில் நான்கு இடங்களைக் காட்டுவதாகச் சொல்கிறார்கள். அதில் குல்மார்க்குக்கு ஒரு பகல்தான் வருகிறது. அந்த ஒரு பகலில் பனிச்சறுக்கும் கற்றுக்கொடுப்பார்கள் என்கிறார்கள். மூன்றாவது, என் மாமியாரும் எங்களுடன் வருகிறார். அவருக்கு 68 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார், மற்றபடி நன்றாக நடப்பார். அந்த உயரமும் குளிரும் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா?

2025 ஏப்ரலில் பகல்காமில் நடந்த கொடுமைக்குப் பிறகு வீட்டுப் பெரியவர்களுக்குக் காஷ்மீர் என்றாலே தயக்கம் இருக்கிறது. அதைப் பற்றியும் அங்கு சென்று வந்தவர்கள் ஒளிக்காமல் சொன்னால் உதவியாக இருக்கும்.


செனாப் காற்று (தஞ்சாவூர்) எழுதியது:

வணக்கம் அம்மா. பணி நிமித்தமாகச் சில குளிர்காலங்களை ஸ்ரீநகரில் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம். குல்மார்க்கில் ஒரே பகலில் பனிச்சறுக்கு கற்க முடியாது. பூட்டு எனப்படும் கனத்த காலணியைப் போட்டு, சறுக்குப் பலகையில் காலைப் பொருத்தி, ஒருவர் கையைப் பிடித்து இழுத்துச் செல்ல, நான்கு படம் எடுத்துக்கொள்வதற்குள் அந்தப் பகல் முடிந்துவிடும். முழுமையாக நான்கு நாட்கள், முடிந்தால் ஐந்து நாட்கள் சரிவில் கிடைத்தால்தான் உங்கள் பிள்ளைகள் தாமாகவே நின்று, தாமாகவே திரும்பி, தாமாகவே நிறுத்தக் கற்றுக்கொள்வார்கள். முதல் நாள் சமதளத்தில் நடப்பதிலும், விழுவதிலும், எழுவதிலும் போகும். இரண்டாம் நாள் இரு பலகைகளின் முனைகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, ஆப்பு வடிவில் வேகத்தைக் குறைக்கப் பழகுவார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்புவது அதற்குப் பிறகுதான் வரும். பயந்தவுடன் உடலைப் பின்னால் சாய்ப்பது மனித இயல்பு. ஆனால் பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் எடை இல்லாமல் போய்க் கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறது. முழங்காலை மடக்கி, கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு பூட்டின் முன்பக்க நாக்கை அழுத்தும்படி முன்னால் சாய்ந்து நிற்க வேண்டும். மூளை ஏற்காத இந்த ஒன்றை உடல் ஏற்பதற்குத்தான் நாட்கள் தேவைப்படுகின்றன. ஆகவே சோன்மார்க்கையும் பகல்காமையும் இந்தப் பயணத்திலிருந்து நீக்கிவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. அவை கோடையிலும் இருக்கும்.

இனி மாதம். காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் ஜனவரி 29 வரையுள்ள 40 நாட்களைச் சில்லை கலான் என்று அழைக்கிறார்கள். குளிர்காலத்தின் கடுமையான பகுதி அதுதான். அதைத் தொடர்ந்து 20 நாள் சில்லை குர்த், பிறகு 10 நாள் சில்லை பச்சா. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் டிசம்பர் கடைசியிலேயே பனி நிறைந்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் குளிர் வேறு, பனிப்பொழிவு வேறு. நம் வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலின் காற்றழுத்தத் தாழ்வுகளை நம்பியிருப்பதைப் போல, காஷ்மீரின் பனி மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும், மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகளை நம்பியிருக்கிறது. அவை வராவிட்டால் எலும்பை உறைய வைக்கும் குளிர் இருக்கும், தரையில் பனி இருக்காது. 2024 ஜனவரியில் அதுதான் நடந்தது. அந்த மாதத்தின் பெரும்பகுதியும் குல்மார்க்கின் புல்வெளி பழுப்பு நிறத்தில் வெறுமையாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி பொழியத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. எந்த வாரத்தையும் யாரும் உறுதியளிக்க முடியாது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அப்படியிருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்றால், நான் பிப்ரவரி முதல் மூன்று வாரங்களைத் தேர்ந்தெடுப்பேன். ஜனவரியில் பெய்தது தரையில் கெட்டிப்பட்டிருக்கும், அதன்மேல் புதிது விழும் வாய்ப்பும் இருக்கும், பகற்பொழுதும் சற்று நீண்டிருக்கும். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் பொதுத்தேர்வு இல்லாத ஆண்டு இது; பிப்ரவரியில் ஒரு வாரம் விடுப்பு எடுப்பது பத்தாம் வகுப்புக்குப் போன பிறகு நடக்காத காரியம். டிசம்பர் கடைசி வாரம் பனிக்கு உறுதியில்லாதது மட்டுமன்று, புத்தாண்டுக் கூட்டத்தால் அறை வாடகையும் விமானக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும் வாரமும் அதுவே.

கற்றுக்கொடுப்பவர்களைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் உள்ளன. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் குழுக்களாக வகுப்புகள் நடத்துகிறது. உங்கள் மகளின் வயதுக்கு இது மிகவும் நல்லது; ஆனால் இடங்கள் விரைவில் நிரம்பும் என்பதாலும், குறிப்பிட்ட நாளில் தொடங்கிக் குறிப்பிட்ட நாளில் முடியும் என்பதாலும், அவர்களுடைய அட்டவணையைப் பார்த்த பிறகே விமானச் சீட்டை வாங்க வேண்டும். வயது வரம்பையும் அவர்களிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது வழி, சுற்றுலாத் துறையில் பதிவு பெற்ற பயிற்றுநர் ஒருவரை நாட்கணக்கில் அமர்த்திக்கொள்வது. பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒருவரே போதும். அடையாள அட்டையைப் பாருங்கள், கட்டணத்தை முன்கூட்டியே பேசி முடியுங்கள், நான்கு நாளும் அதே பயிற்றுநர் வர வேண்டும் என்று கேளுங்கள். நாளுக்கொருவர் மாறினால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

வழியைப் பற்றி ஒன்று. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மாகம் வழியாகத் தங்மார்க் என்ற அடிவார ஊர் வரை சாலை சமமாகச் செல்லும். அங்கிருந்து 13 கிலோமீட்டர் மலை ஏற்றம். பனி பெய்த நாட்களில் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டிய வண்டிகளையும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளையும் மட்டுமே மேலே விடுவார்கள். உங்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்த வண்டி தங்மார்க்கிலேயே நின்றுவிட, அங்குள்ள வண்டியில் மாறிச் செல்ல வேண்டியிருக்கும். இது ஏமாற்று வேலை அன்று, பாதுகாப்புக்கான ஏற்பாடு. அதற்கான செலவை முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசியில் முன்கட்டணச் சிம் இருந்தால் அது ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. வெளி மாநிலத்தவரின் பின்கட்டணச் சிம்கள் மட்டுமே இயங்கும் என்பதால், வீட்டில் ஒருவருடைய இணைப்பையாவது கிளம்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமுக்கு அருகிலுள்ள பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டனர். அதையடுத்துப் பள்ளத்தாக்கில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, பின்னர் படிப்படியாகத் திறக்கப்பட்டன. குல்மார்க் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகில் இருப்பதால் எப்போதுமே அங்கு படையினரின் நடமாட்டமும் சோதனையும் உண்டு. பெரியவர்களின் தயக்கத்தை நீங்கள் அலட்சியப்படுத்த வேண்டாம். பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் அறையை முன்பதிவு செய்து, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு நிலைமையைப் பார்த்து முடிவெடுங்கள். அந்த மக்களைப் பற்றி என்னால் ஒன்றைத் துணிந்து சொல்ல முடியும். குளிர்காலத்தில் அவர்களிடம் தங்கியவர்கள் யாரும் அவர்களுடைய விருந்தோம்பலைக் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. அந்தத் தாக்குதலால் வாழ்வாதாரத்தை இழந்தவர்களும் அவர்கள்தான்.


முழங்கால் (கோயம்புத்தூர்) எழுதியது:

நான் இயன்முறை மருத்துவத் துறையில் இருக்கிறேன். உடலைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் தொட்டபெட்டாவின் உச்சியும் ஏறத்தாழ இதே உயரம்தான். ஆகவே உங்கள் மாமியாருக்குக் குல்மார்க் ஊரில் இருப்பது பெரிய தொல்லையாக இராது. முதல் நாள் லேசான தலைவலியோ தூக்கக் குறைவோ வரலாம். கோண்டோலா எனப்படும் கம்பிவட வண்டியின் முதல் கட்டம் கொங்டோரி வரை, அதாவது ஏறத்தாழ 3,080 மீட்டர் வரை செல்கிறது. அதுவரை அவர் வந்து பார்த்துவிட்டு இறங்கலாம். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒருவர் சில நிமிடங்களில் இவ்வளவு உயரம் ஏறுவதை இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எதற்கும் அவருடைய மருத்துவரைப் பார்த்து, குளிரில் இரத்த அழுத்தம் ஏறும் என்பதையும் சொல்லி, மாத்திரை அளவைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வழுக்கல். பகலில் உருகிய பனி மாலையில் கண்ணாடிப் பாளமாக உறைந்துவிடும். விடுதி வாசற்படியிலும் கடை முன்னாலும்தான் பெரியவர்கள் விழுகிறார்கள். அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் வாழ்க்கையே மாறிவிடும். காலணிக்கு மேல் மாட்டும், அடியில் சிறு முட்கள் கொண்ட ரப்பர் பட்டைகள் இணையத்தில் கிடைக்கின்றன. இங்கேயே வாங்கி, போட்டுக் கழற்றிப் பழக்கிவிடுங்கள். ஒரு கைத்தடியும் வேண்டும். அங்கு வாடகைக்குத் தரும் ரப்பர் பூட்டுகள் பாதத்தோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கும். அவருக்கு அவை வேண்டாம். எலும்பு முறிவு போன்று பெரிதாக ஏதும் நேர்ந்தால் ஸ்ரீநகரில் பர்சுல்லாவில் எலும்பு மூட்டு அறுவைக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டியது வேறு. பனிச்சறுக்கில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் முழங்கால். பலகையையும் பூட்டையும் இணைக்கும் பிடிப்பானுக்கு எந்த இழுவையில் கழன்றுகொள்ள வேண்டும் என்று ஓர் அளவு வைக்கப்படுகிறது. அந்த அளவை எடை, உயரம், வயது, திறமை, பூட்டின் அடிநீளம் ஆகியவற்றைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். வாடகைக் கடையில் இதைக் கேட்காமல் பலகையை எடுத்துக் கொடுத்தால், நீங்களே கேளுங்கள். ஐம்பது கிலோகூட இல்லாத பிள்ளைக்குப் பெரியவருக்கு வைத்த அளவு அப்படியே இருந்தால், விழும்போது பலகை கழலாது, முழங்கால் திருகும். பூட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். முன்னால் சாயும்போது குதிகால் எழும்பக் கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு, மூன்று காலுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுகிறார்கள். அதனால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் சில்லிட்டுப் போகிறது; முழங்கால் வரை நீளும் மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே போதும். தலைக்கவசம் இல்லாமல் பிள்ளைகளைச் சரிவில் விடவே விடாதீர்கள். அங்கு கிடைக்கும் கவசம் தலைக்குப் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கே இடம் இல்லாதபடி இங்கிருந்தே வாங்கிச் செல்வது நல்லது.

இன்னும் ஆறு முதல் எட்டு வாரம் இருக்கிறதென்றால் இன்றே உடற்பயிற்சியைத் தொடங்குங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்ந்தாற்போல் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, படி இறங்குவது ஆகியவை போதும். இதில் படி இறங்குவதுதான் முதன்மையானது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் தொடையின் முன்தசை பனிச்சறுக்கில் உழைப்பதைப் போலவே உழைக்கிறது. மதுரையில் இருக்கிறீர்கள், திருப்பரங்குன்றத்து மலைப்படிகளில் வாரம் மூன்று முறை குடும்பத்தோடு ஏறி மெதுவாக இறங்கி வாருங்கள். மூன்றாம் நாள் தொடை வலியால் பிள்ளைகள் அறையிலேயே படுத்துவிடும் நிலை இதனால் தவிர்க்கப்படும்.

உடையில் பருத்தி மட்டும் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிர வைக்கும். உடலை ஒட்டிய கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன்மேல் பஞ்சு போன்ற ஃபிளீஸ், அதற்கும் மேல் நீர் புகாத காற்றுத்தடுப்பு மேலங்கி என்று மூன்று அடுக்குகள் போதும். கையுறை மட்டும் ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று நனைந்தால் மற்றொன்று இருக்கும். கண்ணைக் கட்டாயம் காக்க வேண்டும். புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி எறிகிறது. மேகம் மூடிய நாளிலும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, முகத்தில் வெயில் களிம்பு பூசாமல் வெளியே போகக் கூடாது.

கடைசியாக, அறையில் புகாரி என்னும் விறகு அடுப்பு இருந்தால், தூங்குவதற்கு முன் அது அணைந்துவிட்டதா என்று பாருங்கள், சன்னலில் ஒரு கீற்று இடைவெளி விடுங்கள். கங்ரி என்னும் கரி அனல்சட்டியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ இல்லாமல் உயிரை எடுக்கும். மின்கம்பளம் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள்.


அலக்நந்தா (சென்னை) எழுதியது:

குல்மார்க்கைப் பற்றித் தயக்கம் தீரவில்லை என்றால் உத்தரகண்டின் ஔலியையும் எண்ணிப் பாருங்கள். சமோலி மாவட்டத்தில் உள்ள அந்தச் சரிவு கற்பவர்களுக்கு மிகவும் ஏற்றது. கட்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம் தங்குமிடம், உணவு, கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பயிற்சி வகுப்புகளை நடத்தி வந்திருக்கிறது. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம் அது. வானம் தெளிந்த காலையில் 7,816 மீட்டர் உயர நந்தா தேவி எதிரே நிற்பதைப் பார்த்துக்கொண்டே கற்கலாம்.

ஆனால் உங்கள் குடும்பத்துக்கு அதை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைச்சாலையில் முழுப் பகலும் செல்ல வேண்டும். 68 வயதானவருக்கு அது கடினம். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் புதைந்து வீடுகள் விரிசல் விட்டதையடுத்து, அங்கிருந்து ஔலிக்குச் செல்லும் கம்பிவட வண்டியும் நிறுத்தப்பட்டது. கடைசிப் பகுதியைச் சாலை வழியாகவே கடக்க வேண்டியிருக்கும் என்று கொள்ளுங்கள். பனி ஏமாற்றும் ஆண்டுகளும் குல்மார்க்கைவிட ஔலியில் அதிகம். மகள் கல்லூரிக்குப் போன பிறகு தோழிகளோடு பயிற்சி வகுப்பில் சேர்வதற்கு ஔலி அருமையான இடம். மணாலிக்கு அருகிலுள்ள சோலங்கைப் பனியில் விளையாடிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு அங்குள்ள நெரிசல் ஒத்துவராது.


வைகைக்கரை (மதுரை) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு குடும்பமாக அமர்ந்து படித்தோம். பிப்ரவரி இரண்டாம் வாரம் என்று ஏறத்தாழ முடிவு செய்திருக்கிறோம். எட்டு நாள் ஒதுக்க முடியும். முதல் இரண்டு நாள் ஸ்ரீநகரில் தால் ஏரியையும் தோட்டங்களையும் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் குல்மார்க் ஏறி ஐந்து இரவு தங்கி, எட்டாம் நாள் காலை குல்மார்க்கிலிருந்தே நேராக விமான நிலையம் செல்லலாம் என்று கணவர் திட்டம் போட்டிருக்கிறார். இது சரியா? மேலும், பிள்ளைகள் நன்றாகக் கற்றுவிட்டால் கடைசி நாள் இரண்டாம் கட்டக் கோண்டோலாவில் ஏறி மேலிருந்து சறுக்கி வரலாமா என்று மகள் கேட்கிறாள். என் மாமியார் சைவம். அவருடைய உணவுக்கும், நாங்கள் சரிவில் இருக்கும் நேரத்தில் அவருடைய பொழுதுக்கும் என்ன செய்யலாம் என்றும் யாராவது சொல்ல வேண்டுகிறேன்.


செனாப் காற்று (தஞ்சாவூர்) எழுதியது:

உங்கள் மகளின் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வேண்டாம். ஐந்து நாள் கற்றவர் இரண்டாம் கட்டத்தின் உச்சியிலிருந்து சறுக்கி இறங்கக் கூடாது. மேல்நாட்டு மலை விடுதிகளில் இருப்பதைப் போல இயந்திரம் கொண்டு சமன்படுத்திய பாதைகள் அஃபர்வத்தின் மேல் இல்லை. அது பெரும்பாலும் கட்டற்ற மலைச்சரிவு. அனுபவம் மிக்க சறுக்கு வீரர்கள் உலகெங்கிலுமிருந்து அதற்காகவே வருகிறார்கள், அவர்களிலும் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்ய நாட்டவர் ஒருவர் இறந்தார். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில், புதுப்பனி கனமாக விழுந்த பின்னும், காற்று அதை ஒரு பக்கமாக வாரிக் குவித்த பின்னும், அடுத்த ஓரிரு நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. வானம் தெளிந்து, மலை மிக அழகாகத் தெரியும் நாட்களும் அவைதான் என்பதால் மனம் ஏமாந்துவிடுகிறது. கோண்டோலாவைச் சுற்றிய எல்லைக்குள் மட்டுமே பனிக்காவலர்கள் சரிவைச் சோதிக்கிறார்கள். அதைத் தாண்டிய இடங்களுக்கு யாரும் பொறுப்பில்லை. புதையுண்டவரைக் கண்டறியும் கருவி, நீள்குச்சி, மண்வாரி ஆகிய மூன்றும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் இல்லாமல் அங்கே கால் வைப்பது தகாது. பயிற்றுநர் யாராவது உங்கள் மகள் நன்றாகச் செய்கிறாள், மேலே கூட்டிப் போகிறேன் என்று சொன்னாலும் பெற்றோராக நீங்கள் மறுக்க வேண்டும்.

அவள் வருத்தப்பட வேண்டியதில்லை. குல்மார்க் ஊரிலேயே, மரங்கள் சூழ்ந்த புல்வெளியின் மென்சரிவுகளில், சறுக்குபவர்களை மேலே இழுத்துச் செல்லும் இழுவைக் கம்பிகள் இருக்கின்றன. நான்காம் நாள் திருப்பங்கள் கைவந்துவிட்டால், பயிற்றுநரின் ஒப்புதலோடும் அன்றைய பனி நிலையைப் பொறுத்தும் கொங்டோரியிலிருந்து மரங்களுக்கிடையே கீழே இறங்கும் பாதையை முயலலாம். தொடங்கியவர் ஒருவருக்கு அதுவே பெரிய வெற்றி. இரண்டாம் கட்டத்தில் சும்மா ஏறி மலைகளைப் பார்த்துவிட்டு அதே வண்டியில் இறங்குவதற்குத் தடையில்லை. ஆனால் காற்று வீசினால் அதை நிறுத்திவிடுவார்கள், சீட்டு இணையத்தில் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்துவிடும். இரண்டையும் எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள்.

உங்கள் கணவரின் வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்வேன். விமானம் நண்பகலுக்குள் ஸ்ரீநகரில் இறங்குமானால் நகருக்குள் போகாமல் நேராகக் குல்மார்க் சென்றுவிடுங்கள். முதல் நாள் ஓய்வு, கருவிகளைப் பொருத்திப் பார்ப்பது. மறுநாள் முதல் ஐந்து நாள் சரிவு. நடுவில் ஒரு நாள் பனிப்புயலால் எல்லாம் நின்றாலும் நான்கு நாள் மிஞ்சும். ஏழாம் நாள் இறங்கி ஸ்ரீநகரில் ஓரிரவு தங்குங்கள், ஏரியை அன்று பார்த்துக்கொள்ளலாம். விமானம் புறப்படும் காலையில் குல்மார்க்கிலிருந்து இறங்குவதாகத் திட்டமிட்டால், முந்தைய இரவு பனி பெய்து சாலை அடைபட்டவுடன் உங்கள் விமானம் போய்விடும். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் சோதனை பல அடுக்குகளாக நடக்கும். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்.

மதுரையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் ஆகிய இரண்டையும் ஒரே முன்பதிவு எண்ணில் வாங்குங்கள். டெல்லியின் மூடுபனியாலோ ஸ்ரீநகரின் பனிப்பொழிவாலோ ஒன்று தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அந்த நிறுவனத்துடையதாகிவிடும். தனித்தனியாக வாங்கினால் இழப்பு முழுதும் உங்களுடையது. விமானங்கள் ஒரேயடியாக நின்றுபோனால் இப்போது மாற்று வழி ஒன்று இருக்கிறது. 2025 ஜூன் 7 முதல் ஸ்ரீநகருக்கும் கட்ராவுக்கும் இடையே வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டிய பாலத்தைக் கடந்து சில மணி நேரத்தில் கட்ரா சேர்க்கிறது. அங்கிருந்து ஜம்முவுக்குச் சென்று விமானமோ ரயிலோ பிடிக்கலாம். நெடுஞ்சாலை நிலச்சரிவால் மூடப்படும் நாட்களில் முன்பெல்லாம் இந்த வழியே இல்லாமல் இருந்தது.

மாமியாரின் உணவுக்குக் கவலை வேண்டாம். குல்மார்க்கில் சைவ உணவகங்கள் உள்ளன. ராஜ்மா, காஷ்மீர் தம் ஆலு, ஹாக் என்னும் கீரை, நத்ரு என்னும் தாமரைத்தண்டு ஆகியவற்றை அவர் விரும்பிச் சாப்பிடக்கூடும். அசைவம் சமைக்கும் அதே அடுக்களையில் செய்வது அவருக்கு உடன்பாடில்லை என்றால் மட்டும் விடுதியை முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சோறு நம் ஊரைப் போலவே அங்கும் அன்றாட உணவு. ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துச் சென்றால் போதும்.

அவருடைய பொழுதைப் பொறுத்தவரை, விடுதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விலை சற்றுக் கூடினாலும், கற்பவர்களின் சரிவு சன்னலிலிருந்து தெரியும்படியான, கட்டடம் முழுவதையும் வெதுவெதுப்பாக வைக்கும் ஏற்பாடு உள்ள விடுதியை எடுங்கள். பேரப்பிள்ளைகள் விழுந்து எழுவதை அவர் உள்ளிருந்தே கஹ்வா என்னும் காஷ்மீர்த் தேநீரை அருந்தியபடி பார்க்கலாம்; உச்சி வெயிலில் உங்களில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, நூற்றாண்டு கடந்த புனித மரியன்னை ஆலயம் தெரியும் இடம் வரை மெல்ல நடந்து வரலாம். தங்மார்க்கில் இறங்கியவுடன் சறுக்குவண்டிக்காரர்களும் கோட்டு வாடகைக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள். குளிர்காலம் முழுவதற்கும் அவர்களுக்கு இந்தச் சில வாரங்கள்தான் வருமானம். மரியாதையாகப் பேசி, வேண்டாததை வேண்டாம் என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் விலகிவிடுவார்கள். அவருக்கு விருப்பமிருந்தால், விடுதி வாசலிலிருந்து கோண்டோலா நிலையம் வரை அந்தச் சறுக்குவண்டியில் உட்கார வைத்து அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். வழுக்கும் பாதையில் அவர் நடக்க வேண்டியிராது, இழுப்பவருக்கும் அன்றைய கூலி கிடைக்கும்.

பயிற்சி நிறுவனத்தின் இந்தப் பருவ அட்டவணை வெளிவந்துவிட்டதா என்பதை நாளைக்கே தொலைபேசியில் கேளுங்கள். மகளுக்கு அங்கு இடம் கிடைத்தால் மகனுக்கு மட்டும் தனிப் பயிற்றுநர் போதும். அதைப் பொறுத்துத்தான் எந்தக் கிழமையில் மதுரையிலிருந்து கிளம்புவது என்பதையே தீர்மானிக்க முடியும்.